தானாக விழித்தாள்

ஜூலை 1, செவ்வாய்

காலை ஒன்பதே காலுக்கு என் மருமகள் சத்யப்பிரியா சிதம்பரத்திலிருந்து வந்தாள். நைட் டூட்டி. செருப்பைக் கழற்றும்போதே கண் செருகுகிறது. பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு ஸ்ரீமதி என்று ஒரு பெண் வருகிறதாம். நர்சு மேல்படிப்பு படிக்கிற பெண். ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்கிற நர்சுகள் எப்படித் தூங்குகிறார்கள் என்று நாற்பத்தைந்து நாளுக்கு எழுதிக் கேட்கிறதாம். படுத்த நேரம், தூங்கின நேரம், நடுவில் எத்தனை தடவை விழிப்பு, விழித்த காரணம், எழுந்த நேரம். நாளைக்கு ஒரு வரி.

"நான் எப்ப தூங்கறேன்னு எனக்கே தெரியல அத்த. பேனாவ எடுத்தா பேனாவோட தூங்கிடறேன். உங்க ஞாபகத்துக்குக் கிட்ட யாரும் வர முடியாது. நீங்க பாத்து எழுதி வெக்கிறீங்களா?"

ஐஸ் வைக்கிறாள். எனக்குத் தெரியாதா? இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். இவள் எவ்வளவு நேரம் படுத்துக் கிடக்கிறாள் என்பது எழுத்தில் இருக்கட்டும். நாளைக்கு என் மகன் பாலகுமார் "அவ தூங்கறதே இல்லம்மா" என்று பரிந்துகொண்டு வந்தால் எடுத்துக் காட்டலாம்.

தாளில் இடம் கொஞ்சம்தான். மிச்சத்தை இதில் எழுதுகிறேன். இது பாலகுமாருக்கு உரக்கடையில் கொடுத்த போன வருஷத்து டைரி. கிழமையை அடித்துத் திருத்திக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நிறுத்தியது என் பெரியப்பா. அதையும் நான் மறக்கவில்லை.

ஜூலை 2, புதன்

படுத்தது 9.50. தூங்கியது 10.20.

11.40க்கு சிலிண்டர் வந்தது. அந்த ஆள் ஓடிபி கேட்டான். அது சத்யப்பிரியா போனுக்குத்தான் வரும். போய் எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே ஒரு நம்பர் சொன்னாள், அது தப்பு. மறுபடி எழுப்பினேன். ஒரு மணிக்குச் சாப்பிட எழுப்பினேன், வயிறு காய்ந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? நாலு மணிக்குப் பேத்தி சாதனா ஸ்கூலிலிருந்து வந்து அம்மா அம்மா என்று கதவைத் தட்டினாள். குழந்தையை நான் ஏன் தடுக்க வேண்டும்? அப்புறம் விளக்கு வைக்க ஐந்தரைக்கு எழுப்பினேன், எழுந்துவிட்டாள்.

காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது? முன்னே பின்னே தெரியாத ஒரு பெண் படிக்கப்போகிற தாள். மாமியார் எழுப்பினாள், மாமியார் எழுப்பினாள் என்று எழுதினால் அந்தப் பெண் என்னைப் பற்றி என்ன நினைக்கும்?

"தானாக விழித்தாள்" என்று எழுதினேன். நாலு தடவை.

ஜூலை 4, வெள்ளி

இவள் அலாரம் வைப்பது சாயந்திரம் ஆறே காலுக்கு. ஏழு மணி பஸ்சுக்கு அது போதும் என்கிறாள். போதுமாம்! ஆறு மணிக்கு விளக்கு வைக்கிற வீட்டில் ஒரு பெண் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தால் மூதேவி வந்து பக்கத்தில் உட்காருவாள். என் மாமியார், நான் பிள்ளை பெற்ற பதினாறாம் நாள்கூட விளக்கு நேரத்தில் என்னை எழுப்பி உட்காரவைத்தார்கள். நான் உட்கார்ந்தேன்.

"முக்கா மணி நேரந்தான் அத்த. அந்தத் தூக்கந்தான் ராத்திரி மூணு மணிக்கு எனக்குக் கை குடுக்கும்."

"விளக்குக்குத் தெரியுமா உன் டூட்டி?" என்று கேட்டேன்.

பதில் பேசாமல் போய் முகம் கழுவினாள். அந்தப் பேசாமல் போவதுதான் திமிர். அன்றைக்கும் அப்படித்தான். 2022 ஆவணி ஒன்பது, வியாழக்கிழமை. என் வீட்டுக்காரர் கூடத்தில் ஐஸ் பெட்டியில் கிடக்கிறார். உறவுமுறை எல்லாம் வந்து நிற்கிறது. மருமக எங்க, மருமக எங்க என்று பதினோரு பேர் கேட்டார்கள். பதினோரு பேரையும் வரிசையாகச் சொல்வேன். மருமகள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள். பத்தே முக்காலிலிருந்து ஒன்றரை வரைக்கும். மாமனார் பிணம் வீட்டில் கிடக்கத் தூங்கின ஒருத்தி இந்த ஜில்லாவிலேயே இவள்தான் இருப்பாள்.

அன்றைக்கு நான் அவளை எழுப்பவில்லை. அதற்குப் பிறகு விடவில்லை.

ஜூலை 5, சனி

மிக்ஸி. மத்தியானம் தேங்காய்ச் சட்னி. தாளில் "தானாக".

ஜூலை 8, செவ்வாய்

எழுதவேண்டும் என்பதால் கதவை ஒருக்களித்துப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க, இவள் தூங்குவது தூக்கம் மாதிரி இல்லை. கணுக்காலில் சாக்ஸ் அழுத்தின தடம் மத்தியானம் வரைக்கும் அப்படியே இருக்கிறது. வலது கை விரல் ஊசிக்குழாயைத் தட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டே இருக்கிறது. 11.15க்கு வாய் விட்டுப் பேசினாள். "டிரிப் முடிஞ்சிட்டுது, மாத்துங்க." யாரிடம் சொல்கிறாள்? 12.05க்கு மறுபடியும், "பெட்டு காலி இல்லம்மா."

தூக்கத்திலும் டூட்டி பார்க்கிறாளோ?

பாலகுமார் லோடு வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிட வந்தவன் அடிக்குரலில் சத்தம் போட்டான். "எதுக்கும்மா அங்கயே நிக்கிற? கதவ சாத்து. வெளிச்சம் அடிக்குது பாரு அவ மூஞ்சில."

"உங்கப்பா தூங்கறப்ப இப்படி எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல. எனக்கே தெரியும்" என்றேன்.

"அதான் நானும் சொல்றேன். அப்பாவுக்குன்னா தெரிஞ்சது இவளுக்குன்னா ஏன் தெரியல?"

அவனுக்கு ரெண்டாவது தடவை ரசம் ஊற்றவில்லை.

ஜூலை 11, வெள்ளி

இன்றிலிருந்து ஒரு வாரம் காலை டூட்டி. விடிகாலை ஐந்துக்குப் பஸ். நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள். தூக்கம் வரவில்லை. 12.10க்குத் தண்ணீர் குடித்தாள். 1.30க்குக் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பத்து நாளா பகல்ல தூங்கு பகல்ல தூங்குன்னு அடிச்சு சொன்ன ஒடம்பு அத்த. இப்ப திடீர்னு ராத்திரி தூங்குன்னா நம்ப மாட்டேங்குது." சிரித்தாள். பிறகு, "நீங்க ஏன் தூங்கல?" என்று கேட்டாள்.

"உன் தாள யாரு எழுதறது?"

உண்மை அது இல்லை. மூன்று வருஷமாக எனக்கு இப்படித்தான். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் நாலு மணிக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அதைக் கேட்டு எழுத எனக்குத் தாள் இல்லை.

ஜூலை 16, புதன்

ஸ்ரீமதி முதல் பதினைந்து நாள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டியிருக்கிறது. சத்தம் கிடையாது, வெளிச்சம் கிடையாது, யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் பகலில் மூன்று தடவை நாலு தடவை தானாகவே முழிப்பு வருகிறது என்றால் இது தூக்க வியாதி என்று அவர் சொன்னாராம். பத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த நைட் டூட்டியிலிருந்து காலையில் வந்ததும் போட வேண்டும்.

மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சாதனாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"ஆயா, வலிக்குது. ஏன் இப்படி இழுக்கற?" என்றது குழந்தை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. மறுபடியும் நைட் டூட்டி. நேற்று ராத்திரி போய்விட்டுக் காலையில் வந்து மாத்திரை போட்டுப் படுத்தாள். மாத்திரைத் தூக்கம் வேறு மாதிரி. அசைவே இல்லை. கை தட்டவில்லை, பேச்சு இல்லை. ஒரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. விளக்கு நேரத்தில் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஆடி வெள்ளிக்கிழமை, விடுவேனா? எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இல்லை.

தாளில்: விழிப்பு இல்லை.

ஜூலை 21, திங்கள்

எப்படி எழுதுவேன்.

நேற்று சாயந்திரமும் ஐந்தரைக்கு உலுக்கித்தான் எழுப்பினேன். ஏழு மணி மாயவரம் பஸ்சில் ஏறியிருக்கிறாள். எட்டேகாலுக்குச் சிதம்பரத்தில் இறங்க வேண்டியவள் தூங்கிவிட்டாள். கண்டக்டர் எழுப்பினது சீர்காழியில். மறு பஸ் பிடித்து ஒரு மணி நேரம் பிந்திப் போயிருக்கிறாள்.

அது போகட்டும். விடிகாலை ஐந்து மணிக்கு ஆறாம் பெட்டுக்குப் போட வேண்டிய இன்சுலின் ஊசியை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் பெட்டுக்குப் போயிருக்கிறாள். சுகரே இல்லாத ஆள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாளாம். பக்கத்தில் படுத்திருந்த அவர் மகள் எழுந்து, "எங்கப்பாவுக்கு ஏது சிஸ்டர் சுகர்?" என்று கேட்டிருக்கிறாள்.

போட்டிருந்தால்?

யாருக்கும் தெரியாது. ஊசி போடவில்லை, ஒன்றும் ஆகவில்லை, அந்த மகள்கூட மறுபடி படுத்துவிட்டாள். இவளாகவே இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். மெமோ கொடுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை என்றால் வேலை கிடையாது.

"உன்ன யாரு சொல்லச் சொன்னது?" என்று கேட்டேன்.

"நான்தான அத்த தப்பு பண்ணேன்? நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

சாப்பிடவில்லை. மாத்திரையும் போடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தாளில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இன்று எழுதவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பாலகுமார் பரண்மேல் இருந்த பெரிய பெட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்துவிட்டான்.

"ஆடி முடியட்டும்மா. ஆவணி ஒண்ணாந்தேதி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு ரூம் பாத்து இவளையும் சாதனாவையும் கொண்டுபோய் விட்டுடறேன். பஸ் அலைச்சலாவது கொறையும். நிம்மதியா தூங்குவா. சாதனாவ அவங்க அம்மா வந்து பாத்துக்கும்."

அவங்க அம்மா. சேத்தியாத்தோப்புச் சம்பந்தியம்மா. கல்யாணத்தன்று பந்தியில் எல்லாரையும் கூப்பிட்டு என்னை மட்டும் கூப்பிட மறந்தவள். அவள் வந்து என் பேத்திக்குத் தலை வாரப்போகிறாள்.

"வேலைய விட்டுட்டு வீட்ல இருக்கச் சொல்லேன்" என்றேன்.

சத்யப்பிரியா அடுப்படியிலிருந்து சொன்னாள். "வேலைய விட மாட்டேன் அத்த." குரல் உயரவே இல்லை.

சாதனா இப்போதே பெட்டிக்குள் பொம்மையை வைத்துவிட்டாள்.

ஜூலை 23, புதன்

மூன்றே முக்காலுக்கு விழித்தேன். அப்போதிலிருந்து இதே நினைப்பு. எழுதிவிட்டால் போகுமா?

1983. மாசி மாசம். அவர் நெல்லிக்குப்பம் கரும்பாலையில் நைட் ஷிஃப்ட். அரவை நேரம். காலையில் வந்து படுத்தால் இந்த வீடு மூச்சு விடாது. ஜன்னலுக்குச் சாக்கு நனைத்துக் கட்டுவேன். மாட்டின் கழுத்து மணியைக் கழற்றிவைப்பேன். கைப்பிள்ளை பாலகுமாரைத் தூக்கிக்கொண்டு போய் வண்டிப்பாளையம் கோயில் குளத்துப் படியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பேன், அழுது எழுப்பிவிடக் கூடாது என்று. ஐஸ்காரன் எங்கள் தெருவில் மட்டும் மணி அடிக்க மாட்டான். அடித்தால் நான் யார் என்று அவனுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு மாரியம்மாள் ஒருநாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்கள் பொதுச்சுவர் ஓரமாக உரலைப் போட்டு மிளகாய் இடித்தாள். ஒன்றரை மணி நேரம். நான் சுவரில் மூன்று தடவை தட்டினேன். நிறுத்தவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்தவர் மறுபடி படுக்கவில்லை. அன்று ராத்திரி கண்ணயர்ந்து ரோலரில் கையை விட்டார். இடது கை மோதிர விரல் பாதி போய்விட்டது.

நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. மாரியம்மாளிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் புருஷன் சாவுக்குப் போனேன், அழுதேன், அவள் முகத்தைப் பார்க்காமல் வந்தேன்.

ஊசி. விரல்.

இங்க யாரு ஒலக்கையப் புடிச்சது?

நான்தான். நான்தான் புடிச்சேன். மாரியம்மாளுக்காவது சுவத்துக்கு அந்தாண்ட ஒரு ஆளு தூங்கறது தெரியாம இருந்திருக்கும். எனக்குத் தெரியுமே. கதவ ஒருக்களிச்சு வெச்சு பாத்துக்கினே இருந்தேனே. மணி பாத்து எழுதினேனே. எழுப்பிட்டு வந்து தானா முழிச்சான்னு எழுதினேனே, பாவி.

எதுக்கு எழுப்பினேன்? சாப்பாட்டுக்கா? விளக்குக்கா?

இதையும் எழுதிவிடுகிறேன், இந்த டைரியை யார் படிக்கப்போகிறார்கள். அவர் கடைசியாக அந்த ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு ராத்திரியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சத்யப்பிரியா. தன் டூட்டியையும் பார்த்துக்கொண்டு, டூட்டி முடிந்த பிறகும் அங்கேயே. நாலாம் நாள் சாயந்திரம் என்னிடம், "நீங்க ரெண்டு நாளா கண்ணு மூடல அத்த. வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தூங்கிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றாள். வந்து தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன். விடிகாலை நாலு பத்துக்கு அவர் போனார். போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. பாலகுமார் வந்து எழுப்பினான்.

அவரு போறப்ப நான் தூங்கிக்கினு இருந்தேன்.

அதை யாரிடம் சொல்வேன்? அவள் தூங்கினதைத்தான் பதினோரு பேரிடம் சொன்னேன்.

ஜூலை 24, வியாழன்

காலையில் ஸ்ரீமதியின் தாள் கட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். முதல் பதினைந்து நாளுக்கும் அது போனில் படம் பிடித்துக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்திருந்தது. சிவப்புப் பேனா, சாதனாவுடையது. ஒவ்வொரு "தானாக" மேலும் ஒரு கோடு. பக்கத்தில் உள்ளது உள்ளபடி.

2ஆம் தேதி: சிலிண்டர் ஓடிபி, மாமியார். மறுபடி ஓடிபி, மாமியார். சாப்பாடு, மாமியார். குழந்தை தட்டியது, மாமியார் தடுக்கவில்லை. 3ஆம் தேதி: ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டது, மாமியார். 5ஆம் தேதி: மிக்ஸி. 7ஆம் தேதி: ஒன்றும் இல்லாமல் சும்மா எழுப்பியது. என்ன கேட்கப் போனேன் என்று அன்றைக்கே எனக்குத் தெரியவில்லை.

ஞாபகத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. முப்பத்தோரு விழிப்பு. அதில் ஐந்துதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போன். ரெண்டு கரண்டு போனது. மீதி இருபத்து நாலு நான்.

அவள் வந்ததும் தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். கடைசி வரைக்கும் படித்தாள்.

"தெரியும் அத்த."

"என்னா தெரியும்?"

"நீங்க தானான்னு எழுதறது. மொத நாளே பாத்துட்டேன்."

"அப்ப டாக்டர் கிட்ட சொல்ல வேண்டியதுதான? வாயில என்னா கொழுக்கட்டையா?"

"அவரு கேட்டாரு, யாராவது எழுப்பறாங்களான்னு. இல்லன்னுட்டேன். எங்க மாமியார்னு எப்படி சொல்றது? மாத்திரை போட்டா மிக்ஸி சத்தம் கேக்காது, நானும் நிம்மதி நீங்களும் நிம்மதின்னு நெனச்சிட்டேன்." கட்டிலில் உட்கார்ந்தாள். "உங்க கிட்ட தாளைக் குடுத்ததே அதுக்குத்தான். நான் சொன்னா சண்ட ஆயிடும். நீங்களே எழுதினா நீங்களே பாப்பீங்கன்னு."

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாரு. இருபத்து மூணு நாள் வாயைத் திறக்கவில்லை.

"அன்னிக்கு நான் தூங்கினேனே," என்றாள், "மாமா போன அன்னிக்கு—"

"தூங்கு," என்றேன். "அதப் பத்தி இப்ப வாணாம். படு."

ஜன்னலுக்கு என் கம்பளியைக் கட்டினேன். செல்போனை வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஓடிபி வந்தால் எனக்குப் படிக்கத் தெரியாதா, நம்பர்தானே.

ஜூலை 25, வெள்ளி

நேற்று சாயந்திரமே தெருமுனை அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். ஒரு குழாய் சரியாக எங்கள் ஜன்னலைப் பார்த்து. ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுகிற வரைக்கும் காலை ஆறிலிருந்து பாட்டு. விழாவை நடத்துகிறவன் மாரியம்மாள் மகன் செந்தமிழ்செல்வன். அவன் யார் பேச்சையும் கேட்க மாட்டான், அவன் அம்மா பேச்சைத் தவிர.

சத்யப்பிரியா ஒன்பதே காலுக்கு வருவாள். எட்டரை வரைக்கும் வாசலில் நின்றேன். போனேன்.

மாரியம்மாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"யாரு? ரத்தினமா? வழி தவறி வந்துட்டியா?"

"கொழாய அந்தாண்ட திருப்பச் சொல்லு உன் மவன."

"பேச்சு வருதே உனக்கு! ஊமையாப் போயிட்டன்னுல்ல நெனச்சேன்."

"மருமவ ராத்திரி பூரா முழிச்சிட்டு வருது. தூங்கணும்."

அவள் முறத்தை வைத்தாள். "அன்னிக்கும் இப்படி வந்து சொல்லியிருந்தா ஒலக்கைய கீழ போட்டிருப்பேனேடி. உன் வீட்டுக்காரரு ஷிஃப்ட் மாறினது எனக்கென்னா சோசியமா தெரியும்?"

"சுவத்துல தட்டினேன்."

"தட்டினியா! மொளகா இடிக்கறவளுக்குச் சுவத்துல தட்டினா கேக்குமா? நாலு எட்டு வெச்சு வர முடியல உனக்கு. அம்மாம் ரோசம்."

அது நடந்தது அப்படித்தான். நான் போகவில்லை. தட்டினேன், போகவில்லை.

"காபி குடிக்கிறியா?" என்று கேட்டாள்.

"வாணாம்" என்று வந்துவிட்டேன். ஒரே நாளில் எல்லாமா?

ஒன்பது மணிக்குச் செந்தமிழ்செல்வன் ஏணி போட்டு ஏறிக் குழாயைக் குளத்துப் பக்கம் திருப்பினான். சத்தத்தையும் குறைத்தான்.

ஜூலை 28, திங்கள்

விடிகாலை முதல் பஸ்சில் சிதம்பரம் போனேன். திருத்தின தாளை ஸ்ரீமதி கையில் நானே கொடுக்க வேண்டும். வேறு யார் கொடுத்தாலும் மருமகள் சொல்லி எழுதினது என்று நினைத்துக்கொள்ளும். சின்னப் பெண், கண்ணாடி போட்டிருக்கிறது. சிவப்பு எழுத்தையெல்லாம் படித்துவிட்டு என்னையே பார்த்தது.

"பாட்டி, இதெல்லாம் நெஜமா? இத்தன நாள் கழிச்சு எப்படி ஞாபகம்?"

"1983லேருந்து கேளு, சொல்றேன்."

சிரிக்கவில்லை அந்தப் பெண். "பொய்யா எழுதின தாள யாரும் திருப்பி வாங்கி திருத்தித் தர மாட்டாங்க பாட்டி" என்றது. என் கையைப் பிடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் இழுத்துக்கொள்ளவில்லை. டாக்டரிடம் அதுவே கூட்டிப்போனது. அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். மெமோ மெமோதான், அதைத் திருத்த என்னிடம் சிவப்புப் பேனா இல்லை.

திரும்பும்போது நானும் சத்யப்பிரியாவும் ஒரே சீட்டு. பி.முட்லூர் தாண்டுவதற்குள் தலை என் தோளில் விழுந்தது. ஸ்பிரிட் வாசனை. ஆலப்பாக்கத்தில் ஒருத்தி ஏறி, "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க" என்றாள். கையால் வாயைப் பொத்திக் காட்டினேன். அவள் நின்றபடியே வந்தாள்.

கடலூர் வரைக்கும் தோளை அசைக்கவில்லை. இன்னும் மரத்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. லீவு நாள். சித்ரான்னம் நாலு வகை. பெட்டி இன்னும் கூடத்திலேயே இருக்கிறது. நான் அதைச் சுற்றிப் பெருக்குகிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மறுபடி நைட் டூட்டி. சாயந்திரம் ஆறு மணிக்கு நான் மட்டும் விளக்கு ஏற்றினேன். மணி அடிக்கவில்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. என் மாமியார் போட்டோவைப் பார்க்காமல் கும்பிட்டேன்.

பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். மூதேவி வந்தால் என்னைத் தாண்டித்தானே உள்ளே போக வேண்டும்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரவில்லை. தாளில்: விழிப்பு 1. காரணம், ஆஸ்பத்திரி போன். அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டார்கள். "மூணாவது தட்டு, பஞ்சு டப்பாக்குப் பின்னாடி" என்று நானே சொல்லிவிட்டேன், அவள் தூக்கத்தில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சரியாக இருந்ததாம். ஆனால் நான் பேசின சத்தத்தில் அவள் விழித்துவிட்டாள். அதனால் மாமியார் என்றும் எழுதினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மாரியம்மாள் கொல்லைப்பக்கமாக வந்து, "மருமவ தூங்குதா? மிக்ஸி போடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அடிக்குரலில்தான் கேட்டாள். ஒன்பது வீடு தள்ளிக்கூட அது கேட்டிருக்கும்.

விரலை நான் மறக்கவில்லை. மறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் சுவரில் தட்டியதையும் சேர்த்து இப்போது ஞாபகம் வருகிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாற்பத்தைந்தாம் நாள். கடைசித் தாள்.

காலையில் எழுந்து கூடத்தைப் பெருக்கும்போது விளக்குமாறு நேராகப் போனது. பெட்டி இல்லை. பரண்மேல் இருக்கிறது. பொம்மை மட்டும் அலமாரியில். யார் ஏற்றினது என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

சத்யப்பிரியா ஒன்பதரைக்குப் படுக்கப் போனாள். போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவருகில் நின்றாள்.

"அலாரம் வெக்கல அத்த. ஆறே காலுக்கு நீங்க எழுப்பிடுங்க."

படுத்தது 9.35. தூங்கியது 9.50. நடுவில் விழிப்பு இல்லை. கை தட்டவில்லை. ஒரு தடவை மட்டும் ஏதோ சொன்னாள், வேலை சமாச்சாரம் இல்லை, சாதனா பெயர்.

ஆறு மணிக்கு விளக்கு. பிறகு வாசற்படி. ஆறே காலுக்கு உள்ளே போய்க் காலைத் தொட்டேன்.

எழுந்த நேரம் 6.15. காரணம்: மாமியார்.